பிரிண்டர் பழுதா? படலையில் நிற்பது யார் என்று பாருங்கள்

கொடிகாமம் சந்தைக்கு வருபவர்களின் பையில் தேங்காயும் மாங்காயும் பலாப்பழமும் இருப்பது நாம் நெடுநாளாக அறிந்த காட்சி. அண்மைக் காலமாக அதே பையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கின்றது. கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு படிவம். அல்லது மகன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்ட ஒரு கடிதம். வரணி, மிருசுவில், உசன், கச்சாய், எழுதுமட்டுவாள் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலுமிருந்து பஸ்ஸிலும் சைக்கிளிலும் வருபவர்கள், சந்தை அலுவல் முடிந்த கையோடு சந்தியில் உள்ள போட்டோக் கொப்பிக் கடையொன்றில் ஏறி, "தம்பி, இதை ஒருக்கா பிரிண்ட் எடுத்துத் தாரும்" என்கிறார்கள். பலருக்குத் தாள் கிடைக்கின்றது. சிலர், "பிரிண்டர் வேலை செய்யேல்லை அம்மா, நாளைக்கு வாங்கோ" என்ற பதிலோடு திரும்புகிறார்கள்.

நாளைக்கு என்பது சிறிய சொல். கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது ஒரு நாட் சம்பளம். இறுதித் திகதி குறித்த விண்ணப்பமாயின் அது ஒரு வருடமாகவும் இருக்கலாம். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம் இணையவழிக்கு வந்த பின்னரும், நிரப்பிய படிவத்தை அச்சிட்டுக் கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டியிருந்த ஆண்டுகளை எமது பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள்.

பல தடவைகள் அருகில் நின்று பார்த்தவர்கள் என்ற வகையில் ஒன்றைத் துணிந்து கூறுகின்றோம். பிரிண்டர் பழுது என்று சொல்லப்படுகின்ற வேளைகளில் அநேகமாகப் பிரிண்டர் நன்றாகவே இருக்கின்றது. கோப்பு பொருத்தமற்ற ஒரு மென்பொருளிடம் போயிருக்கும். அல்லது அச்சிடும் கட்டளை வேறொரு பிரிண்டருக்குப் போயிருக்கும். இரண்டையும் தீர்மானிப்பது, யாரோ ஒருவர் என்றோ செய்துவைத்த ஒரு தெரிவு. அல்லது எவரும் செய்யாததால் கணனி தானாகவே செய்துகொண்ட தெரிவு. அதை மாற்றுவதற்குப் படித்த பொறியியலாளர் தேவையில்லை.

பொறுத்திருக்கச் சொன்ன படிவம்

மிருசுவிற் பக்கத்திலிருந்து ஒரு தாய். மகள் ரொறொன்ரோவில், தலைப்பிரசவம். போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று வீசாவுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். மருமகன் அனுப்பிய படிவத்தைக் கடையில் இருந்த இளைஞர் திறந்தார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வசனம் வந்தது: தயவுசெய்து பொறுத்திருக்கவும். இருவரும் பொறுத்திருந்தார்கள். இருபது நிமிடமளவில் அந்தத் தாய், "தம்பி, கனடாவில இப்ப இரவெல்லே, கந்தோர் பூட்டியிருக்கும் போல" என்றார். இளைஞருக்கும் அதைவிட நல்ல விளக்கம் தெரியவில்லை. அந்த வசனத்தையே அச்சிட்டுப் பார்த்தார். அது அழகாக அச்சாகி வந்தது. "நெற் சரியில்லை அம்மா, பின்னேரம் வாங்கோ" என்று அனுப்பிவைத்தார்.

இணைப்பிலும் குறையில்லை, கனடாவிலும் குறையில்லை. அந்தப் படிவத்தை வாசிக்கத் தெரியாத ஒரு மென்பொருள் அதைத் திறந்திருந்தது. கனடா வருகையாளர் வீசாவுக்கான ஐ.எம்.எம். 5257 போன்ற படிவங்கள் வெறும் அச்சுப் பக்கங்கள் அல்ல. உள்ளே விபரங்களைச் சரிபார்க்கும் ஏற்பாடும், நிரப்பி முடிந்ததும் கோட்டுக் குறியீட்டுப் பக்கம் ஒன்றை ஆக்கும் ஏற்பாடும் கொண்டவை. அவற்றைக் கணனியில் அடோபி ரீடரில் திறக்கவேண்டும். கைத்தொலைபேசியில் அவை திறப்பதில்லை. இணைய உலாவிகளிற் பெரும்பாலானவற்றில் 'பொறுத்திருக்கவும்' என்ற அந்த ஒரு பக்கம் மாத்திரமே தெரியும். எவ்வளவு நேரம் பொறுத்திருந்தாலும் அது மாறாது.

இதை விளங்கிக்கொள்ள, பி.டி.எப். என்பது என்ன என்று சற்றுப் பார்ப்பது நல்லது. அடோபி நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜோன் வார்னொக் 1991 இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஒரு கணனியில் ஆக்கிய பக்கம் வேறெந்தக் கணனிக்குப் போனாலும், எந்தப் பிரிண்டரில் அச்சிட்டாலும், அதே பக்கமாகவே தோன்றவேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1993 இல் பி.டி.எப். வெளிவந்தது. எழுத்து, படம், கோடு, அவை பக்கத்தில் நிற்கவேண்டிய இடம் எல்லாவற்றையும் ஒரே உறையினுள் இட்டு ஒட்டியது போன்றது அது. 2008 இல் அது ஐ.எஸ்.ஓ. 32000 என்ற சர்வதேசத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பின்னர் பி.டி.எப். திறக்கும் மென்பொருட்கள் பெருகின. இது நல்லதே. ஆனால் எல்லாம் ஒரே அளவு கெட்டித்தனம் உள்ளவை அல்ல. சாதாரண கடிதமொன்றை எல்லாம் வாசிக்கும்; மேற்சொன்ன வகைப் படிவம் வந்ததும் பல தடுமாறும்.

படலையில் நிற்பவர்

தபாற்காரர் வீட்டுக்கு வந்த கடிதத்தைப் படலையில் யார் நிற்கிறாரோ அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வாசிக்கத் தெரிந்தவர் உள்ளே அடுப்படியில் இருக்கக்கூடும். கணனியும் அப்படியே. நீங்கள் ஒரு கோப்பின் மீது இரண்டு தரம் தட்டினால், அந்த வகைக் கோப்புக்கென்று படலையில் நிறுத்தப்பட்டிருக்கும் மென்பொருளிடம் அதை ஒப்படைத்துவிடும். கணனி பழகியவர்கள் இதை 'டிபோல்ட்' என்பார்கள். 2015 இல் வெளிவந்த வின்டோஸ் 10 இலிருந்து, நீங்கள் வேறொன்றும் சொல்லாவிடில், பி.டி.எப். கோப்புகளுக்குப் படலையில் நிற்பது மைக்ரோசொப்ட்டின் எட்ஜ் உலாவி. அடோபி ரீடரை நிறுவிய கணனியிலும், ஒரு பெரிய புதுப்பித்தலுக்குப் பின்னர் எட்ஜ் மீண்டும் வந்து நிற்பதுண்டு. எனவே, "போன கிழமை வேலை செய்ததே" என்று ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை.

ஆளை மாற்றுவது இலகு. கோப்பின் மீது மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்துங்கள். 'ஓப்பின் வித்' என்ற வரியைத் தெரிந்து, அதனுள் 'சூஸ் அனதர் அப்' என்பதற்குச் செல்லுங்கள். பட்டியலில் அடோபி ரீடரைத் தெரிவுசெய்து, 'ஓல்வேய்ஸ்' என்பதையும் குறியுங்கள். இந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் அன்றைக்கு மாத்திரமே மாறும். அடுத்த நாள் பழைய ஆளே வந்து நிற்பார். பட்டியலில் அடோபி ரீடரே இல்லையெனில் அது நிறுவப்படவில்லை என்று அர்த்தம். அது இலவசமானது, அடோபியின் சொந்தத் தளத்திலிருந்து மாத்திரம் எடுக்கவேண்டும். தேடும்போது முதலில் வந்து விழும் விளம்பரங்களிலிருந்து எடுத்து, வேண்டாத ஐந்தாறு மென்பொருட்களையும் சேர்த்து வாங்கிக்கொண்ட கணனிகளை நாம் கண்டிருக்கின்றோம்.

இவ்வளவும் செய்த பிறகும், இணையத்தில் ஒரு படிவத்தின் மீது தட்டியதும் அது மீண்டும் உலாவியிலேயே திறக்கின்றது என்று பலர் சலித்துக்கொள்வார்கள். காரணம், வீட்டுக்குப் படலை இரண்டு. கணனியில் ஏற்கெனவே சேமித்த கோப்புகளுக்கு நாம் மேலே சொன்னது. இணையத்திலிருந்து நேரே வருபவற்றுக்கு உலாவி தன்னிடமே ஒரு வாசிப்பானை வைத்திருக்கின்றது; வின்டோஸிடம் அது எதையும் கேட்பதில்லை. குரோம், எட்ஜ் இரண்டினதும் அமைப்புப் பகுதியில், பி.டி.எப். கோப்புகளைத் திறவாமல் இறக்கிச் சேமிக்கும்படி சொல்லும் ஓர் இடம் உண்டு. அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லாவிட்டால், இணைப்பின் மீது வலப்பொத்தானை அழுத்திச் 'சேவ் லிங்க் அஸ்' என்பதால் முதலில் கோப்பைச் சேமியுங்கள். பின்னர் சேமித்த இடத்துக்குப் போய்த் திறவுங்கள். அந்தத் தாயின் படிவமும் மறுநாள் இவ்வாறுதான் திறந்தது. நான்கைந்து பக்கம். ஒரு மணித்தியாலத்தில் நிரப்பி, 'வலிடேற்' என்ற பொத்தானை அழுத்திக் கோட்டுக் குறியீட்டுப் பக்கத்தையும் பெற்றுக்கொண்டார்.

கைத்தொலைபேசியிலும் இதே கதை. வட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தட்டியதும் எதில் திறப்பது என்று அன்ட்ரொயிட் தொலைபேசி கேட்கும். அவசரத்தில் 'ஓல்வேய்ஸ்' என்று ஏதோவொன்றை அழுத்திவிடுவோம். அதன் பிறகு அது கேட்பதேயில்லை. தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் 'அப்ஸ்' என்பதற்குள் சென்று, தவறாகத் தெரிந்த அந்தச் செயலியைத் திறந்து, 'ஓப்பின் பை டிபோல்ட்' என்ற இடத்தில் பழைய தெரிவை அழித்துவிட்டால், மறுபடி கேட்கத் தொடங்கும்.

கட்டளை போய்ச் சேர்ந்த இடம்

கோப்பு ஒழுங்காகத் திறந்துவிட்டது, பிரிண்ட் கொடுத்தாயிற்று, பிரிண்டர் அசையவில்லை. இந்த வேளையில் அநேகர் செய்வது மீண்டும் மீண்டும் பிரிண்ட் பொத்தானை அழுத்துவது. இது வீண் வேலை மாத்திரமல்ல, செலவும்கூட. பிரச்சினை தீர்ந்ததும் பன்னிரண்டு பிரதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாடு எமது நாடு. தாளின் பெறுமதியை எவரும் எமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

முதலில், அச்சிடும் பெட்டியின் மேற்பகுதியில் எந்தப் பிரிண்டரின் பெயர் இருக்கின்றது என்று பாருங்கள். 'மைக்ரோசொப்ட் பிரிண்ட் டு பி.டி.எப்.' என்று இருந்தால், அது மேசையில் இருக்கும் பிரிண்டரே அல்ல. தாளுக்குப் பதிலாக இன்னொரு கோப்பை ஆக்கும் ஏற்பாடு. கோப்புக்குப் பெயர் கேட்டு ஒரு பெட்டி வந்தால் இதுதான் காரணம். பிரிண்டரின் பெயரோடு 'கொப்பி 1' என்று ஒட்டியிருந்தால், யாரோ வயரைக் கழற்றி வேறு துளையில் செருகியிருக்கிறார்கள். கணனி அதைப் புதியதொரு பிரிண்டர் என எண்ணி இரண்டாவது பெயர் வைத்துவிட்டது; பழைய பெயருக்கு அனுப்பினால் 'ஓவ்லைன்' என்றே நிற்கும். பழைய துளையிலேயே செருகலாம், அல்லது புதிய பெயரைத் தெரியலாம்.

கடைக்காரத் தம்பிமாருக்கு ஒரு குறிப்பு. வின்டோஸ் அமைப்பில் பிரிண்டர்கள் உள்ள பக்கத்தில் 'லெற் வின்டோஸ் மனேஜ் மை டிபோல்ட் பிரிண்டர்' என்று ஒரு வரி இருக்கின்றது. அது இயங்கும் நிலையில் இருந்தால், கடைசியாக எந்தப் பிரிண்டரைப் பயன்படுத்தினீர்களோ அதையே கணனி டிபோல்ட் ஆக்கிக்கொள்ளும். நிறப் பிரிண்டர் ஒன்றும் கறுப்பு வெள்ளை ஒன்றும் வைத்திருக்கும் கடையில், நிறத்தில் ஒரு படம் எடுத்த பின்னர் வருகிறவரின் நாற்பது பக்க வினாத்தாள் நிற மையில் ஓடத் தொடங்கும். அதை நிறுத்திவைத்து, வேண்டிய பிரிண்டரை நீங்களே டிபோல்ட் ஆக்குங்கள்.

மின்வெட்டு இன்னொரு காரணம். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் பல கடைகளில் இது வழமையாயிற்று. பாதியில் மின் போனதும், அச்சாகிக்கொண்டிருந்த கோப்பு வரிசையின் முன்னால் நின்று வழியை மறித்துவிடும். பின்னால் வருவது எதுவும் நகராது. அழிக்கச் சொன்னாலும் அழியாது. பிரிண்டரை நிறுத்துங்கள். கணனியில் 'சேர்விசஸ்' என்று தேடித் திறந்து, 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். வின்டோஸ் போல்டரினுள் 'சிஸ்டம் 32', அதனுள் 'ஸ்பூல்', அதனுள் 'பிரிண்டர்ஸ்' என்ற போல்டரில் கிடப்பவற்றை அழியுங்கள். அந்தப் போல்டரை அழிக்க வேண்டாம், உள்ளே கிடப்பவற்றை மாத்திரம். ஸ்பூலரை மீண்டும் தொடக்கிப் பிரிண்டரைப் போடுங்கள்.

உலாவியின் அச்சுப் பெட்டி சுழன்றுகொண்டே இருந்தால், கொன்ட்ரோல், ஷிப்ட், பீ ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். வின்டோஸின் சொந்த அச்சுப் பெட்டி வரும். பல வேளைகளில் அது போதும்.

பெயரில் விழுந்த கொம்பு

எல்லாவற்றிலும் எம்மை அதிகம் கவலைப்படுத்துவது தமிழ் எழுத்து. திரையில் ஒழுங்காகத் தெரிந்த பெயர் தாளில் கட்டங் கட்டமாக வருகின்றது. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கின்றது. இதைச் சிறு விடயம் என்று தள்ளிவிட எமது பகுதியில் முடியாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததும், 2000 ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களே இடம்பெயர்ந்ததும் நினைவில் உள்ளவர்கள், பிறப்புச் சான்றிதழையும் உறுதியையும் இழந்து பிரதிக்காக எத்தனை கந்தோர் ஏறினார்கள் என்பதையும் அறிவார்கள். ஒரு பத்திரத்தில் உள்ள பெயரும் மற்றதில் உள்ள பெயரும் ஓரெழுத்து வேறுபட்டால் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். அந்த வேறுபாட்டைப் பிரிண்டர் உண்டாக்க விடலாமா?

சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை உருவாக்கித் தந்தவர். கணனி வந்தபோது, அந்தத் தட்டச்சு விசைகளுக்குப் பழகிய கைகள் பாமினி எழுத்துருவைப் பற்றிக்கொண்டன. இன்றும் எமது பகுதிக் கந்தோர்களிலும் அச்சகங்களிலும் பாமினி உண்டு. ஆனால் பாமினியில் தட்டச்சு செய்த கடிதத்தினுள் இருப்பது, கணனியைப் பொறுத்தவரை, ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். பாமினி என்ற சட்டையைப் போட்டதால் தமிழாகத் தெரிகின்றது. அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணனியில் திறந்தால் சட்டை கழன்றுவிடும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குப்பை அச்சாகும். தமிழ் எழுத்துக்குத் தமிழெழுத்தாகவே இடம் தந்த யுனிக்கோட் 1991 இல் வந்தது. வின்டோஸ் 2000 இல் அது தமிழுக்கு இயங்கத் தொடங்கியது. இலங்கையும் 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்று தமிழ்க் குறியீட்டுத் தரத்தை வகுத்துக்கொண்டது. புதிதாக எழுதுபவர்கள் யுனிக்கோட்டில் எழுதுவதே முறை. இளையவர்களுக்கு இன்னும் பாமினியையே முதலிற் கற்பிக்கும் வகுப்புகள் இருப்பது எமக்கு உடன்பாடானதல்ல.

பழைய பாமினிக் கடிதத்தை என்ன செய்வது? வேர்ட் கோப்பாகக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். எழுத்துரு உள்ள கணனியிலேயே 'சேவ் அஸ்' மூலம் பி.டி.எப். ஆக்கிக்கொண்டு போங்கள். எழுத்துருவும் உறையினுள் சேர்ந்துவிடும். சேர்ந்ததா என்று பார்க்க, அடோபி ரீடரில் 'பைல்' என்பதன் கீழ் 'புரொப்பட்டிஸ்', அதில் 'பொன்ட்ஸ்'. எழுத்துருவின் பெயருக்கு அருகே 'எம்பெடட்' என்று இருக்கவேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால், கோப்பு போகுமிடமெல்லாம் அங்குள்ள எழுத்துருவைத்தான் நம்பியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் தாளில் மாத்திரம் எழுத்து உடைந்தால், அச்சுப் பெட்டியில் 'அட்வான்ஸ்ட்' என்பதை அழுத்தி 'பிரிண்ட் அஸ் இமேஜ்' என்பதைக் குறியுங்கள். பிரிண்டர் எழுத்தெழுத்தாக வாசிக்க முயலாமல், பக்கம் முழுவதையும் ஒரு படமாக எடுத்து அச்சிடும். சற்று மெதுவாக வரும். ஆனால் கொம்பு கொம்பின் இடத்தில் நிற்கும்.

ஓரம் வெட்டுப்பட்ட படிவம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பாவிக்கும் 'லெற்றர்' தாள் 216 மி.மீ. அகலமும் 279 மி.மீ. நீளமும் உடையது. நாம் பாவிக்கும் ஏ4 தாள் 210 க்கு 297. அங்கிருந்து வரும் படிவத்தை உள்ள அளவிலேயே அச்சிட்டால் பக்கவாட்டில் ஓரம் வெட்டுப்படும். 'பிட்' என்பதைத் தெரிந்தால் முழுப் பக்கமும் அடங்கும். மறுபுறம், அளவு மாறக்கூடாத பத்திரங்களும் உண்டு: சட்டை வெட்டும் மாதிரி, வீட்டு வரைபடம், ஒட்டுவதற்கான புகைப்படக் கட்டம். அவற்றுக்கு 'அக்சுவல் சைஸ்' வேண்டும். தையல் வகுப்புப் பிள்ளைகள் முதற் பக்கத்தை மாத்திரம் அச்சிட்டு அடிமட்டம் வைத்து அளந்து பார்த்துவிட்டு மற்றவற்றை எடுப்பது நல்ல பழக்கம்.

கடையை விட்டு இறங்குமுன்

அச்சான தாளில் உங்கள் அடையாள அட்டை இலக்கமும் கடவுச்சீட்டு இலக்கமும் இருக்கின்றன. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறீர்கள். கோப்போ கடைக் கணனியின் 'டவுன்லோட்ஸ்' போல்டரில் கிடக்கின்றது. அதை அழித்துத் தரும்படியும், 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைக்கூடையிலிருந்தும் நீக்கும்படியும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார். கோப்பை அனுப்புவதற்காக உங்கள் வட்ஸ்அப்பைக் கடைக் கணனியில் இணைத்திருந்தால், நீங்கள் போன பின்னரும் அந்த இணைப்பு இருக்கும். உங்கள் உரையாடல்கள் அங்கே திறந்தபடி கிடக்கும். தொலைபேசியில் வட்ஸ்அப்பைத் திறந்து 'லிங்க்ட் டிவைசஸ்' என்பதற்குள் சென்று, அந்தக் கணனியின் பெயரைத் தொட்டு 'லொக் அவுட்' கொடுங்கள். மறந்துபோய் பஸ் ஏறிவிட்டாலும், சீற்றில் இருந்தபடியே அதைச் செய்யலாம்.